முற்றத்துக் கத்தரியும் புற்றரைச் சட்டமும்

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்திலே, மயாமி நகரை அடுத்துள்ள மயாமி ஷோர்ஸ் என்னும் குடியிருப்பில் வாழ்ந்த ஒரு தம்பதியர், தம் வீட்டு முற்றத்து மரக்கறிப் பாத்திகளைத் தம் கைகளாலேயே பிடுங்கி அழித்தனர். பதினேழு ஆண்டுகளாக அவர்கள் பேணி வளர்த்த தோட்டம் அது. பின்வளவிலே போதிய வெயில் விழுவதில்லை. ஆகவே முன்வளவிலே பயிரிட்டு உண்டு வந்தனர். அவ்வாண்டில் உள்ளூராட்சி மன்றம் தன் வலயச் சட்டத்தைத் திருத்தியது. மரக்கறித் தோட்டம் வீட்டின் பின்புறத்தில் மாத்திரமே இருத்தல் வேண்டும், மீறுவோர் நாளொன்றுக்கு 50 டொலர் தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது நிலைமையாயிற்று. நாளொன்றுக்கு 50 டொலர் கட்டிக் கீரை உண்ண எவரால் இயலும்? தோட்டம் அழிந்தது.

இவ்விதியின் நுட்பத்தைச் சிறிது கவனிப்போம். முற்றத்திலே பூஞ்செடி நடுவதற்குத் தடையில்லை. பழமரம் நடுவதற்குத் தடையில்லை. பிளாஸ்டிக்கினாற் செய்த இளஞ்சிவப்புப் பூநாரையை நிறுத்தி வைப்பதற்கும் தடையில்லை. கத்தரிக்கும் கோவாவுக்குமே தடை. தக்காளியை எவ்வகையில் அடக்குவது என்று கேட்போமாயின், அதற்கும் அந்நாட்டிலே பழைய தீர்ப்பொன்று உண்டு. 1883ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் மரக்கறிக்கு வரி விதித்துப் பழத்தை விட்டுவிட்டது. தக்காளி பழமே என்று வணிகர் வழக்காடினர். தாவர நூலார் யாது கூறினும், மக்கள் தக்காளியைச் சாப்பாட்டோடு உண்கின்றனரேயன்றிச் சாப்பாடு முடிந்தபின் பழமாக உண்பதில்லை. ஆதலின் அது மரக்கறியே என 1893இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே, மாமரம் முற்றத்தில் நிற்கலாம்; தக்காளிச் செடி கோடிப்புறத்துக்குப் போகவேண்டும்.

முருங்கையும் அகத்தியும் வாழையும் வாசலிலேயே நிற்கக் கண்டு வளர்ந்த எமக்கு இஃது ஒரு வேடிக்கைச் செய்தியாகவே தோன்றும். பத்திரிகைகள் பலவும் அவ்வாறே அதனை வெளியிட்டன. ஆனால், உண்ணும் பயிர் கண்ணுக்கு அழகற்றது, உண்ணாத புல்லே அழகுடையது என்ற எண்ணம் மனிதனோடு கூடப் பிறந்ததன்று. அது ஒரு காலத்தில், ஓரிடத்தில், ஒரு வர்க்கத்தாரிடையே தோன்றியது. பின்னர் சட்டமாக உறைந்தது. அவ்வரலாற்றையே ஈண்டு நோக்க விரும்புகிறோம்.

புற்றரையின் பிறப்பிடம் பிரதானமாக இங்கிலாந்து. பதினெட்டாம் நூற்றாண்டிலே அந்நாட்டுப் பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சூழ்ந்த நிலத்தைப் பரந்த பசும்புல் வெளியாக மாற்றலாயினர். இதே காலத்திலேதான் பாராளுமன்றச் சட்டங்களின் வாயிலாகப் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு, அந்நிலங்களிலே மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். இவ்விரு செய்திகளையும் வரலாற்று நூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் கூறுவது வழக்கம். ஒன்றைக் கலை வரலாறு என்பர், மற்றதைப் பொருளாதார வரலாறு என்பர். ஆனால் இவை ஒரே நிலத்தில் நிகழ்ந்தவை. டோர்செற் பகுதியிலே மில்ட்டன் அபஸ் என்றொரு சிற்றூர் இருந்தது. சந்தையும் பள்ளிக்கூடமும் உடைய பழைய ஊர். அது தன் மாளிகையின் காட்சிக்கு இடையூறாயிருக்கின்றது எனக் கருதிய மில்ட்டன் பிரபு அவ்வூரையே இடித்துத் தரைமட்டமாக்கினான். நிலக்காட்சிக் கலைஞரெனப் புகழ்பெற்ற பிறவுன் என்பார் அதற்குத் திட்டம் தந்தவர்களுள் ஒருவர். 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில், மாளிகையின் பலகணியிலிருந்து கண்ணுக்குப் படாத தொலைவிலே, குடிமக்களுக்கென ஒரே அச்சிலான குடிசை வரிசை கட்டிக் கொடுக்கப்பட்டது. அந்த ஊர் இன்று ஒரு சுற்றுலாத் தலம். அங்கு செல்வோர் குடிசைகளின் அழகை வியந்து படம் பிடிக்கின்றனர்.

இத்தகைய புற்றரையைப் பேணுவதற்கு அக்காலத்தில் ஆட்டு மந்தை வேண்டும், அன்றேல் அரிவாள் பிடிக்கும் கூலியாட்கள் பலர் வேண்டும். எனவே புல் என்பது வெறும் புல்லன்று. ‘இந்நிலத்தில் நான் உணவு விளைக்க வேண்டிய தேவை எனக்கில்லை, வீணே கிடக்க விடுவதற்கும், வீணே கிடப்பதைச் சீர்செய்வதற்கும் என்னிடம் செல்வமுண்டு’ என்ற அறிவிப்பு அது. எமது மலைநாட்டிலும் இவ்வறிவிப்பை நாம் வாசித்திருக்கிறோம். துரைமாரின் பங்களாவுக்கு முன்னே புற்றரையும் ரோசாப் பாத்தியும்; லயங்களின் ஓரத்தே, தொழிலாளர் வேலை முடிந்து வந்து கொத்திய சிறு மரக்கறித் துண்டுகள். புற்றரையை வெட்டியவர்களும் அவர்களே. நுவரெலியாவிலே 1889இல் கோல்ப் ஆட்டத்துக்கெனப் பரந்த புல்வெளி அமைத்ததும் அதே ஆங்கில இரசனையே.

1830ஆம் ஆண்டில், குளொஸ்டர்ஷயர்ப் பகுதியின் துணி ஆலைகளோடு தொடர்புடைய எட்வின் படிங் என்ற பொறிவினைஞர், நெய்த துணியின் மேற்பரப்பிலே எழுந்து நிற்கும் மயிரை வெட்டிச் சமன்செய்யும் இயந்திரத்தைக் கண்டு, அதே முறையால் புல்லையும் வெட்டலாம் என எண்ணிப் புல்வெட்டும் பொறியைச் செய்தார். பிரபுவின் அலங்காரம் நடுத்தர வர்க்கத்தாரின் கைக்கு எட்டிய பொருளாயிற்று.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கு குடியேறியவர்களின் வீட்டு வாசலிலே தொடக்கத்தில் புற்றரை இருக்கவில்லை. மிதித்துக் கெட்டியான மண் முற்றம், கோழி, பன்றி, மூலிகை, கிழங்கு, வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகைவண்டிப் பாதைகளை ஒட்டிப் புறநகர்கள் எழுந்தபோதுதான் நிலைமை மாறியது. 1869இல் சிக்காகோவுக்கு அருகே ஒல்ம்ஸ்ரெட் என்னும் புகழ்பெற்ற கலைஞர் வரைந்த றிவர்சைட் புறநகரிலே, ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி பின்தள்ளிக் கட்டப்படல் வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. முன்னே கிடக்கும் அந்த 30 அடியும் வீட்டுக்காரனுடைய சொத்து. ஆயினும் தெருவிலே போவோரின் கண்ணுக்குரியது. முன்வளவு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு தனிப்பட்ட பொருளாக உருவெடுத்தது இங்கேதான் எனலாம். அடுத்த ஆண்டிலே பிராங் ஸ்கொட் என்பார் எழுதிய நூலொன்று, தன் வளவின் எழிலை அயலான் காணாதவாறு வேலியடைப்பது கிறிஸ்தவப் பண்புக்கே மாறானது என்று போதித்தது. வேலி போயிற்று. வேலி போனால் கோழி போகவேண்டும். கோழி போனால் மரக்கறி மாத்திரம் எவ்வளவு காலம் நிற்கும்?

இம்மனப்பான்மையை அக்காலத்திலேயே தோலுரித்துக் காட்டிய அறிஞர் தோர்ஸ்ரீன் வெப்லன் ஆவார். ஓய்வுடைய வர்க்கத்தைப் பற்றி அவர் 1899இல் வெளியிட்ட நூலிலே புற்றரையும் பசுவும் வருகின்றன. புல்லைக் கட்டுப்படுத்துவதற்குப் பசுவைப் போல உகந்தது வேறில்லை. ஆயினும் செல்வர் தம் புற்றரையிலே பசுவை விடார். ஏனெனில் பசு சிக்கனத்தையும் பயன்பாட்டையும் நினைவூட்டிவிடும். வேண்டுமாயின் பயனற்ற மானை விடுவர் என்பது அவர் கருத்து. மார்க்சீயவாதிகள் வெப்லனோடு பல இடங்களில் முரண்படுவர், நாமும் முரண்படுகிறோம். ஆனால் இந்தப் பசுவை அவர் சரியாகவே கட்டியிருக்கிறார்.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். புல்லைப் போற்றிய அதே சமுதாயம் நெருக்கடி நேர்ந்தபோதெல்லாம் மரக்கறியை நோக்கிக் கைகூப்பியது. 1893இல் அமெரிக்காவிலே பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. டெட்ரோயிற் நகரத்தின் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பட்டினி கிடந்தனர். நகர மேயர் ஹேசன் பிங்கிறீ, ஊக வாணிபத்துக்கென வெறுமனே வைக்கப்பட்டிருந்த நிலங்களை 1894இல் வேலையற்றோருக்குக் கிழங்கு பயிரிடத் திறந்துவிட்டார். நானூறுக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்திலே தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாண்டில் உருளைக்கிழங்கும் அவரையும் விளைத்தன. பணக்காரர் நகைத்தனர், பத்திரிகைகள் ‘கிழங்கு மேயர்’ எனக் கேலிச் சித்திரம் தீட்டின. செலவுக்கு நன்கொடை வேண்டியபோது செல்வரின் கைகள் இறுகியே இருந்தன. பிங்கிறீ தம் குதிரையை ஏலத்தில் விற்றார். அறுவடை கண்ட பின்னர் வேறு நகரங்களும் அதனைப் பின்பற்றின. நிலம் சும்மா கிடப்பதும் மனிதன் சும்மா இருப்பதும் ஒரே காரணத்தால் நேர்ந்தவை என்பதை அத்தொழிலாளருக்கு எவரும் பாடமெடுத்து விளக்கியிருக்க வேண்டியதில்லை.

முதல் உலக யுத்தம் வந்தது. 1917இல் தேசிய யுத்தத் தோட்டக் குழு அமைந்தது. வீட்டு முற்றத்தைக் கொத்துவது தேசபக்தி எனச் சுவரொட்டிகள் முழங்கின. வெள்ளை மாளிகையின் புற்றரையிலே ஜனாதிபதி வில்சன் செம்மறி ஆடுகளை மேயவிட்டார். யுத்தம் முடிந்தது, ஆடுகள் போயின, மரக்கறியும் படிப்படியாகக் கோடிப்புறம் சென்றது.

இதற்கிடையில் ஒரு புதிய ஆயுதம் உருவாகியிருந்தது. அதுவே வலயச் சட்டம். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை என நகரத்தைப் பகுதிகளாக வகுத்து, வளவின் அளவு, கட்டடத்தின் உயரம், தெருவிலிருந்து விடவேண்டிய இடைவெளி ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றமே விதிக்கும் முறை இது. 1916இல் நியூயோர்க் நகரம் இதனை விரிவாக மேற்கொண்டது. இம்முறையிலே நன்மை இல்லை எனக் கூறுவது தவறாகும். தோல் பதனிடும் ஆலையின் புகையைக் குழந்தைகள் சுவாசியாதிருக்க வேண்டுமாயின் இத்தகைய விதிகள் தேவையே. ஆனால் இந்த ஆயுதம் யார் கையிலே, யாரை நோக்கிப் பிடிக்கப்பட்டது? சில நகரங்கள் கறுப்பர் இன்ன தெருவிலே குடியிருக்கலாகாது என வெளிப்படையாகவே வலயச் சட்டம் இயற்றின. 1917இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்தது. நிறத்தைச் சொல்ல முடியாமற் போகவே, நிறத்துக்கும் வறுமைக்கும் பதிலாக வளவின் அளவையும் வீட்டின் வகையையும் சொல்லும் வழக்கம் பெருகியது.

ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊரின் வலயச் சட்டம் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1924இல் முதலில் விசாரித்த நீதிபதி உண்மையை உடைத்துப் பேசினார். இச்சட்டத்தின் இறுதிப் பயன் மக்களை அவர்தம் வருமானத்துக்கேற்ப வகைப்படுத்திப் பிரித்து வைப்பதே என்பது அவர் கூற்றின் சாரம். அவரைப் புரட்சியாளர் என எண்ணிவிட வேண்டாம். நிலச் சொந்தக்காரரின் பக்கமே அவர் தீர்ப்பளித்தார். 1926இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, வலயச் சட்டம் செல்லும் என்றது. தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு வெறும் ஒட்டுண்ணி என வருணிக்கும் வாசகம் அத்தீர்ப்பிலே உண்டு. ஒட்டுண்ணி எனப்பட்டது கட்டடம்தான். ஆனால் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்போர் யாவர் என்பது எவருக்கும் தெரியாததன்று.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழைய கதை பெருமளவில் திரும்பவும் நிகழ்ந்தது. ‘வெற்றித் தோட்டங்கள்’ என்ற பெயரிலே நாடெங்கும் முற்றங்களும் விளையாட்டு மைதானங்களும் கொத்தப்பட்டன. 1943இல் ஏறத்தாழ இரண்டு கோடி தோட்டங்கள் இருந்தன எனவும், நாட்டின் புதிய மரக்கறியில் நூற்றுக்கு 40 பங்கு அவற்றிலிருந்தே கிடைத்தது எனவும் மதிப்பிடப்பட்டது. எலினர் றூஸ்வெல்ற் அம்மையார் வெள்ளை மாளிகை வளவிலும் ஒரு பாத்தியிடச் செய்தார். அந்த நாட்களில் முற்றத்துக் கோவாவை அசிங்கம் என்று சொல்லியிருந்தால், சொன்னவனே தேசத்துரோகி எனப்பட்டிருப்பான்.

ஆனால் இக்காட்சியின் ஓரத்தில் மறைந்து நிற்பவர்களையும் நாம் காணவேண்டும். கலிபோர்ணியாவின் மரக்கறி விளைச்சலிலே மிகக் கணிசமான பங்கை அளித்துவந்தவர்கள் ஜப்பானிய வமிசத்து விவசாயிகள். 1942 பெப்ரவரியில் பிறந்த ஜனாதிபதிக் கட்டளையின் பேரில் அவ்வமிசத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்காவிலே பிறந்த பிரசைகள். வயலில் விளைந்து நின்றதை அறுவடை செய்யவும் பலருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. விவசாயியை வயலிலிருந்து பெயர்த்துவிட்டு, வங்கி எழுதுவினைஞனை நோக்கி முற்றத்தைக் கொத்து எனக் கூறிய அரசு அது. மன்சனார் முதலிய முகாம்களின் வரண்ட மணலிலும் அம்மக்கள் தோட்டம் போட்டு மரக்கறி விளைத்தனர்.

யுத்தம் முடிந்ததும் தோட்டங்கள் மறைந்தன. 1947இல் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டிலே லெவிற்றவுண் எழுந்தது. ஆலையில் மோட்டார் வண்டி செய்வதுபோல, ஒரே வகை வீடுகள் சில ஆண்டுகளில் 17,000க்கு மேல் கட்டப்பட்டன. யுத்தத்தால் மீண்ட படைவீரரும் தொழிலாளரும் குறைந்த விலையிலே வீடு பெற்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வீட்டோடு நிபந்தனைகளும் வந்தன. வேலி போடலாகாது. புல்லை வாரந்தோறும் வெட்டுதல் வேண்டும். தோய்த்த துணியை வார இறுதியில் வெளியிலே உலர்த்தலாகாது. வெள்ளையரல்லாதார் அங்கு குடியிருக்கவும் ஆகாது. கடைசி நிபந்தனையை மற்றவற்றோடு ஒரே தாளில் வைத்து வாசித்தால்தான் மற்றவற்றின் பொருளும் தெளிவாகும். உறுதிகளிலே எழுதப்படும் இத்தகைய நிறத் தடைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென 1948இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எனினும் லெவிற்றவுணின் கதவு கறுப்பருக்குத் திறக்கவில்லை. சொந்த வீடும் நிலமும் உடையவன் கம்யூனிஸ்டாக இருக்க முடியாது, அவனுக்குச் செய்ய வேலை மிக அதிகம் என்று அதன் முதலாளி லெவிற் கூறியது பிரசித்தம். எந்த வேலையை அவர் கருதினாரோ நாம் அறியோம். புல் வெட்டும் வேலையும் அதிலே சேர்ந்திருக்கும்.

இங்கே அயலவனுக்கும் நியாயம் செய்தல் வேண்டும். முற்றத்திலே கத்தரியைக் கண்டு முறைப்பாடு செய்பவன் கொடியவனாக இருக்க வேண்டியதில்லை. அவன் ஆசிரியனாகவோ அச்சகத் தொழிலாளியாகவோ இருக்கலாம். முப்பது ஆண்டுக் கடனிலே வாங்கிய வீடுதான் அவனுடைய ஒரே சேமிப்பு. முதுமைக்கும் மக்களின் படிப்புக்கும் அதுவே நம்பிக்கை. 1934இல் அமைந்த கூட்டரசின் வீட்டுக் கடன் நிறுவனம் வீட்டின் பெறுமதியை அக்கம்பக்கத்தின் தோற்றத்தையும் அங்கு வாழ்வோரின் இனத்தையும் பார்த்தே மதிப்பிட்டது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்குக் கடனை மறுத்தது. ஆகவே அயலானின் முற்றம் தன் சேமிப்பைப் பாதிக்கும் என்ற பயம் வெறுங் கற்பனையன்று. அது திட்டமிட்டு உருவாக்கப்பட்ட பயம். வீடு வாழும் இடமாக மாத்திரம் இருந்திருப்பின் பக்கத்து வீட்டுத் தக்காளி அவனை ஏன் வருத்தப்போகிறது? வீடு விற்பனைப் பண்டமாகிவிட்டது. ஆகவே தெரு முழுவதும் கடையின் கண்ணாடிப் பெட்டிபோல மின்ன வேண்டியதாயிற்று.

அழகின் பெயரால் சட்டமியற்றலாமா என்ற வினாவுக்கு 1954இல் வந்த ஒரு தீர்ப்பே பின்வந்த வழக்குகளுக்கு அடிப்படையாயிற்று. வாஷிங்டன் நகரத்தின் தென்மேற்குப் பகுதியைப் பாழடைந்த பகுதியெனப் பிரகடனம் செய்து, அங்குள்ள கட்டடங்களை அரசு கையகப்படுத்தி இடிக்க முற்பட்டது. கடைச் சொந்தக்காரர் ஒருவர் தம் கட்டடம் நன்னிலையில் உள்ளதே என வழக்காடினார். பொதுநலம் என்பது சுகாதாரத்தோடு நின்றுவிடுவதன்று, அழகும் அதிலே அடங்கும், ஆகவே அரசு செய்வது செல்லும் என உயர் நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது. தீர்ப்பை எழுதியவர் தாராள மனப்பான்மையினர் எனப் போற்றப்பட்ட நீதிபதி டக்ளஸ். அத்தீர்ப்பிலேயே ஒரு கணக்கும் உண்டு: அப்பகுதியில் வாழ்ந்தோர் 5,012 பேர், அவர்களுள் நூற்றுக்கு 97.5 பங்கினர் கறுப்பர். அவர்கள் அகற்றப்பட்டனர். சேரியிலே இன்னல் உண்டு, அது நீங்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் சேரி நீங்குவதும் சேரிவாசி நீங்குவதும் ஒன்றல்ல. நகரத்தின் அழகைக் காப்பது அரசின் அதிகாரத்துள் அடங்கும் என்ற கோட்பாடு, ஏழைக் கறுப்பரின் ஊரொன்றை இடித்த வழக்கிலேயே உறுதிபெற்றது என்பதை மறவாது மயாமி ஷோர்சுக்குத் திரும்புவோம்.

அதற்கு முன் டெட்ரோயிற்றை மீண்டும் ஒரு கணம் எட்டிப் பார்ப்போம். அந்நகரை ஒட்டிய ஓக் பார்க் என்னும் புறநகரிலே 2011இல் ஒரு பெண்மணி தம் முற்றத்தில் மரக்கறிப் பாத்தியிட்டார். முற்றத்திலே புல், புதர், அல்லது ‘பொருத்தமான’ வேறு உயிர்த் தாவரம் இருத்தல் வேண்டும் என்பது அவ்வூர் விதி. பொருத்தமானது எனின் வழக்கத்திலுள்ளது என்பது அதிகாரியின் உரை. 93 நாட்கள் வரை சிறை செல்ல நேரும் குற்றமாக வழக்குப் பதிவாயிற்று. நாடெங்கும் கண்டனம் எழவே வழக்குக் கைவிடப்பட்டது. இதற்கு இரண்டாண்டின் பின், 2013இல், டெட்ரோயிற் நகரம் வங்குரோத்தானது. அதே ஆண்டிலே அந்நகரம் தன் வலயச் சட்டத்தைத் திருத்தி நகர்ப்புற விவசாயத்தை முறைப்படி அனுமதித்தது. அதே ஆண்டிலேதான் செழிப்பான மயாமி ஷோர்ஸ் கத்தரியைத் தடுத்தது. பிங்கிறீயின் நகரில் ஆலைகள் மூடிய பின்னர் கிழங்கு மீண்டும் அழகாகிவிட்டது!

மயாமி ஷோர்ஸ் தம்பதியர் நீதிமன்றம் சென்றனர். 2016இல் தோற்றனர். 2017 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றனர்; மாநில உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. ஊரின் தோற்றத்தைப் பேணும் நோக்கத்தோடு விதிக்கு ஏதேனும் ஒரு நியாயமான தொடர்பு இருந்தாற் போதும் என்பதே நீதிமன்றங்கள் கொண்ட அளவுகோல். அந்த அளவுகோலால் அளந்தால் தோற்காத உள்ளூர் விதி அரிது. ஆயினும் வழக்கு பிரபலமாகிவிட்டது. 2019இல் புளோரிடா சட்டசபை, குடியிருப்பு வளவுகளின் மரக்கறித் தோட்டங்களை உள்ளூராட்சி மன்றங்கள் கட்டுப்படுத்தலாகாதெனச் சட்டம் இயற்றியது. அது அவ்வாண்டு யூலை முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. அத்தம்பதியர் தம் முற்றத்திலே மீண்டும் நாற்று நட்டனர். இலினோய் மாநிலமும் இவ்வாறான சட்டமொன்றை 2021இல் நிறைவேற்றியது.

நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆனால் வெற்றி எந்த வழியாலே வந்தது என்பதையும் மறைக்கலாகாது. அத்தம்பதியருக்காக வாதாடியது தொழிலாளர் சங்கமன்று, முற்போக்கு இயக்கமன்று. அரசின் தலையீட்டையே பெரும்பாலும் எதிர்க்கும், தனிச்சொத்துரிமையைப் போற்றும் சட்ட நிறுவனமொன்று. ‘என் நிலம், என் விருப்பம்’ என்பதே வாதத்தின் உயிர். உணவு விளைத்தல் மனிதனின் உரிமை என்ற வாதம் பின்னணியிலேயே நின்றது. இத்துறையை வலதுசாரிகளிடம் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தமைக்கு அந்நாட்டு இடதுசாரிகளே பொறுப்பாளிகள். வெற்றியின் எல்லையும் வாதத்தின் எல்லையோடே நின்றது. புளோரிடாச் சட்டம் ஊராட்சி மன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்கள் உறுதிகளின் வாயிலாக விதிக்கும் தனியார் நிபந்தனைகளை அது தொடவில்லை. லெவிற்றவுணின் தாள் வேறு பெயர்களிலே இன்னும் புழங்குகின்றது.

முற்றமே இல்லாதவர் நிலை என்ன? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தென்பகுதியில், 2010இல், றொன் பின்லி என்ற கறுப்பினக் கலைஞர் நடைபாதைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டில் மரக்கறி நட்டார். நகர நிருவாகம் அவர்மீது நடவடிக்கை எடுக்கவே மக்கள் திரண்டனர். பின்னர் நகர சபை விதியைத் தளர்த்தியது. அப்பகுதியிலே மதுக்கடை காண்பது எளிது, புதிய மரக்கறி விற்கும் கடை காண்பது அரிது என அவர் உலகறியப் பேசினார்.

அதே தென்பகுதியில் அதற்கு முன்னர் பதினான்கு ஏக்கர்த் தோட்டமொன்று இருந்தது. 1980களிலே குப்பை எரிக்கும் ஆலை கட்டுவதற்கென நகரம் கையகப்படுத்திய நிலம் அது. மக்கள் எதிர்த்தமையால் ஆலை எழவில்லை. 1992ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், அந்நிலம் ஏழைகளின் பயிர்ச்செய்கைக்கு விடப்பட்டது. ஏறத்தாழ 350 குடும்பங்கள், பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர், சொந்த ஊர்களிலே தாம் அறிந்த சோளத்தையும் கள்ளியையும் கீரை வகைகளையும் அங்கே விளைத்தனர். 2003இல் நகரம் அதனைப் பழைய சொந்தக்காரருக்கே ஏறத்தாழ 50 இலட்சம் டொலருக்கு விற்றது. குடும்பங்கள் வெளியேற மறுத்தன. நிலத்தை விலைக்கு வாங்கவும் பணம் திரட்டின. கேட்கப்பட்ட விலையோ 160 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது. 2006 யூன் 13ஆந் தேதி விடியற்காலையில் பொலிசார் வந்தனர். மரத்தின்மேல் ஏறி இருந்தவர்களையும் இறக்கினர். பின்னர் மண்வாரி இயந்திரங்கள் வேலிக்குள் நுழைந்தன. அதன்பின் பல ஆண்டுகள் அந்தப் பதினான்கு ஏக்கரும் ஒன்றும் கட்டப்படாது, ஒன்றும் நடப்படாது, வேலிக்குள்ளே வெறுந்தரையாகக் கிடந்தன.